ஓரத்தைக் கடித்துவிட்டுத்தான் கொடுப்பாள்: கைப்பிரதியைக் குழந்தைகள் கேட்கும் ஓரிடம்

கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டு முன்னறையில் சிறுவர் நூலகம் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு மாதச் சந்தா 30 ரூபாய். சனிக்கிழமை காலைகளில் அங்கே இன்னொரு வேலையும் நடக்கிறது. சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் கைப்பிரதியைக் கொடுத்தால், 8 முதல் 12 வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டு, மனதில் பட்டதைச் சொல்கிறார்கள். ஓர் அமர்வுக்கு 40 பக்கம், இரண்டரை மணி நேரம், 2,000 ரூபாய். அந்தப் பணத்தில் பாதிக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்கிறார்கள்.

நான் திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 51. மூன்று வருடமாக ஒரு சிறுவர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அங்கே போய்வந்தேன். நூலகத்தின் பெயரையும் தெருவையும் இங்கே சொல்லவில்லை. பிள்ளைகள் வந்துபோகிற வீடு, தெரியாதவர்கள் வந்து கூட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். சிறுவர் எழுத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்தால் எண் கிடைத்துவிடும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

என் கதை கோவில்பட்டியிலேயே நடக்கிறது. கடலை மிட்டாய் போடும் சின்னப் பட்டறை, அதில் வேலை பார்க்கும் அப்பா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பொன்னுத்தாய், ஐந்து வயதுத் தம்பி. 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மனதில் விழுந்த கதை. கடலை வறுப்பது, தோல் நீக்கிப் புடைப்பது, வெல்லப் பாகின் பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் பட்டறையில் நின்று பார்த்து எழுதினேன். தொழிலை விசாரித்த அளவுக்கு அந்தப் பெண்ணை நான் விசாரிக்கவில்லை என்பது, பாய்க்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

இதற்கு முன் இணையம் வழியாகக் கைப்பிரதி மதிப்பீடு செய்யும் ஓரிடத்துக்கு 6,500 ரூபாய் கட்டியிருந்தேன். அவர்கள் முதலில் ஒரு படிவம் அனுப்பினார்கள். உங்கள் கதாபாத்திரத்துக்குப் பிடித்த நிறம் என்ன, பிடித்த உணவு என்ன, அவர் எதற்குப் பயப்படுவார், லட்சியம் என்ன என்று 40 கேள்விகள். இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினேன். பொன்னுத்தாய்க்குப் பிடித்த நிறம் மஞ்சள் என்று எழுதியதால் கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. கடைசியில் நான்கு பக்க அறிக்கை வந்தது. ‘நாயகி உறுதியானவள், வாசகர்களுக்கு முன்மாதிரியாக இருப்பாள்’ என்று அதில் இருந்தது. சந்தோஷப்பட்டேன், கதையை அப்படியே வைத்திருந்தேன். அந்த 6,500 ரூபாயையும் இந்த 2,000 ரூபாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சரி, அங்கே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு வாரம் முன்னதாகக் கைப்பிரதியை அனுப்ப வேண்டும். டீச்சர் முழுவதும் படிக்கிறார். சாவு, குடி, அடி போன்றவை கதையில் இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குகிறார். நாம் போனதும் மூன்று விதிகள் சொல்கிறார். போட்டோ எடுக்கக் கூடாது, குரலைப் பதிவு செய்யக் கூடாது, கேட்கும்போது வாயைத் திறக்கவே கூடாது. கதையை நாம் வாசிப்பதும் கிடையாது. டீச்சர் வாசிக்கிறார், சில பக்கங்களை ஒரு பிள்ளை வாசிக்கிறது. நாம் வாசித்தால் இல்லாத உயிரைக் குரலில் கொடுத்துவிடுவோம் என்கிறார். அது உண்மைதான். எனக்குப் பிடித்த வரி வரும்போதெல்லாம் உள்ளுக்குள் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சரோ ரேஷன் கடை அறிவிப்புப் பலகையை வாசிப்பதைப் போல அதைத் தாண்டிப் போனார். வரி தன் காலில் நிற்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடுகிறது.

முதல் சோதனை வயது. கைப்பிரதியில் வயதும் வகுப்பும் வருகிற இடங்களை டீச்சர் பென்சிலால் அடித்துவைத்திருந்தார். முதல் அத்தியாயம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, ‘இந்தப் பொண்ணு என்ன படிக்கிறா?’ என்று கேட்டார். பத்துச் சீட்டில் ஆறில் ‘காலேஜ்’ என்று இருந்தது. இரண்டில் ‘டீச்சருக்குப் படிக்கிறாங்க’. ஒன்றில் எட்டாவது. ஒன்றில் எதுவும் எழுதவில்லை. ஒருவர்கூட ஐந்தாம் வகுப்பு என்று எழுதவில்லை. அப்பாவின் வியர்வைக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று பொன்னுத்தாய் முதல் பக்கத்திலேயே யோசிக்கிறாள். நான் கண்ணீரோடு எழுதிய வரி அது. அந்த யோசனை என்னுடையது, 51 வயதுக்காரியுடையது. என் அப்பாவுக்கு நான் செய்யாமல் விட்டதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

தம்பிக்கும் இதே கதிதான். அவனுக்கு வயது ஐந்து, ஆனால் சீட்டுகளில் இரண்டு, இரண்டரை என்றுதான் வந்தது. ‘அக்கா, மித்தாய் தா’ என்று அவனை மழலை பேச வைத்திருந்தேன். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள்: “எங்க தம்பிக்கும் அஞ்சு வயசுதான். எல்லாம் நல்லாத்தான் பேசுவான். ஆனா எது நடந்தாலும் நேத்தும்பான். தீபாவளி நேத்தும்பான்.” சின்னப் பிள்ளை என்பதை நாக்கில் காட்ட வேண்டியதில்லை, காலத்தில் காட்டலாம் என்று அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இப்போது என் கதையில் அந்தத் தம்பி தெளிவாகப் பேசுகிறான். ஆனால் அவனுக்கு நடந்ததெல்லாம் நேற்று, நடக்கப்போவதெல்லாம் நாளைக்கு. பட்டறை எப்போது மூடப்பட்டது என்று யாரோ கேட்கும்போது அவன் ‘நேத்து’ என்று சொல்வதால் கதையே ஒரு திருப்பம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை நான் மேசையில் உட்கார்ந்து எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் பொன்னுத்தாய் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறாள். முதல் மணி அடிக்கும்போது அவளுக்குத் தலை சுற்றுகிறது. டீச்சர் அதை வாசித்து முடிக்கும் முன்னே நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். “புதன்கிழமைன்னா பொங்கல் போடுவாங்களே! அவ ஏன் சாப்பிடல?” காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியதும், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. செய்தியில் படித்திருக்கிறேன். ஆனால் கதைக்குள் போனதும் 1984-இல் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். இன்றைக்கு நடக்கும் கதை என்று சொல்லிக்கொண்டு என் பசியை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது பிழையாகத்தான் தெரிந்தது, சோகமாகத் தெரியவில்லை. ஒரு பையன் இன்னும் கொஞ்சம் போனான். “அவளுக்கு அந்தப் பொங்கல் பிடிக்காதுன்னு வைங்க. அப்ப அவ பசியோட இருக்கலாம்.” பசிக்குக் காரணம் வறுமையாக இல்லாமல் பிடிவாதமாக இருந்தால் அந்தப் பெண் எவ்வளவு வேறு ஆளாகிவிடுகிறாள்!

பெயரும் அப்படித்தான். “பொன்னுத்தாயா? அது எங்க ஆச்சி பேரு” என்றாள் ஒருத்தி. வகுப்பில் யாழினி, ஹரிணி, தர்ஷினிகளோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். எனக்கு அந்தப் பெயரை விட மனமில்லை. அதற்கு டீச்சர் ஒரு வழி சொன்னார். இந்தப் பக்கத்தில் தாத்தா ஆச்சி பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, பள்ளியில் வேறு பெயர் கொடுப்பது இன்றும் உண்டு. பள்ளியில் யாழினி, வீட்டில் பொன்னு. வீட்டுப் பெயரை வகுப்பில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பது அவளுடைய முதல் கவலையாகவே ஆகிவிட்டது. படிவத்தில் நான் ‘இருட்டு’ என்று நிரப்பியிருந்த அச்சத்தை அடித்துவிட்டு இதை எழுதினேன்.

இனி அந்த மிட்டாய்க்கு வருகிறேன்.

கதையின் உச்சம் என்று நான் நினைத்திருந்த இடம். பட்டறையில் உடைந்துபோன துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பொன்னுவுக்கு ஒன்றுதான் மிச்சம். தம்பி கேட்கிறான். அவள் புன்னகையோடு தன் துண்டை அவனிடம் நீட்டுகிறாள். அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘இப்படிக் கொடுப்பாளா?’ என்று டீச்சர் கேட்டார். ஜன்னலோரம் சாய்ந்திருந்த பெண் ஒருத்தி, அதுவரை பேசாதவள், மெதுவாகச் சொன்னாள். “குடுப்பா. ஆனா மொதல்ல ஓரத்தக் கடிச்சிட்டுத்தான் குடுப்பா.” எல்லாரும் தலையாட்டினார்கள். இன்னொரு பையன், “குடுத்துட்டு, அவன் அதைக் கடைசி வரைக்கும் திங்கிறானான்னு பாத்துக்கிட்டே இருப்பா” என்றான்.

நான் அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது முழுவதும் அந்த ஓரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் நல்லவள் இல்லை என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை, கொடுக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை. கொடுப்பது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்தை நான் எழுதவில்லை. கடித்த தடத்தோடு அந்த மிட்டாய் தம்பி கைக்குப் போனால்தான் அவள் கொடுத்தாள் என்றே அர்த்தம். சிறுவர் கதைகளில் நாம் படைக்கிற நல்ல பிள்ளைகள் பெரும்பாலும் ஓரம் கடிக்காதவர்கள். பெரியவர்களுக்கு அவர்களைப் பிடிக்கிறது, பரிசுக் குழுக்களுக்கும் பிடிக்கிறது. படிக்கிற பிள்ளைதான் அவர்களோடு உட்கார மறுக்கிறது.

‘அவளுக்கு என்ன வேணும்?’ என்று டீச்சர் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் கேட்கிறார். என் கதைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பட்டறை நன்றாக ஓட வேண்டும் என்று ஒருவன் முயன்று பார்த்தான். உடனே பக்கத்தில் இருந்தவன், “அது அவங்க அப்பாவுக்கு வேணும், அவளுக்கு இல்ல” என்றான். அப்புறம் அவர்களே பேசி ஒன்று கண்டுபிடித்தார்கள். பள்ளிச் சுற்றுலா. பணம் கட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் விஷயமாம். பொன்னுவின் தோழி இப்போது வேறு ஒருத்தியோடு சேர்ந்துவிட்டாள், அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும். பட்டறை மூடப்போகிறது என்கிற பெரிய கதைக்குள் ஓர் இருக்கைக்கான சின்னக் கதை ஓட வேண்டும் என்பது எனக்கு அங்கே புரிந்தது. பெரியவர்களின் இழப்பு பிள்ளைக்கு இருக்கையின் வழியாகத்தான் வந்து சேர்கிறது, சுற்றுலாப் பணம் கட்ட முடியாத அந்த நாளில்.

அமர்வின் பிற்பகுதியில் நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். காட்சியை மட்டும் சொல்லிவிட்டு, வசனம் கொடுக்காமல் விட்டுவிடுகிறார் டீச்சர். இரண்டு தோழிகள் சண்டை போட்டுச் சமாதானமாகிற காட்சியைக் கொடுத்தார். என் கைப்பிரதியில் ஒருத்தி ‘என் மேல்தான் தப்பு, என்னை மன்னித்துவிடு’ என்று சொல்கிறாள். நடித்த பெண்கள் இருவரும் நெடுநேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒருத்தி எழுதுவது போலக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மற்றவள் ஒரு ரப்பரைத் தரையில் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். “இந்தா.” அவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், சமாதானம் முடிந்துவிட்டது. நாங்கள் காய் விட்டால் பழம் விடுவதற்கு விரலையாவது நீட்டுவோம். இவர்களுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டுக் காட்சி இன்னொரு பாடம். என் அத்தியாயத்தில் பிள்ளைகள் கல்லா மண்ணா விளையாடுகிறார்கள், நான்கு வரியில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. வீட்டு முன்னால் தெருவில் அதை ஆடச் சொன்னோம். பத்து நிமிடம் ஆட்டமே தொடங்கவில்லை. சிமென்ட் ரோடு கல்லா மண்ணா என்று தகராறு. புதிதாகப் பதித்த நடைபாதைக் கல் உயரமாக இருக்கிறது, ஆனால் அது தெருவோடு சேர்ந்ததுதானே என்று ஒருவன் வாதம் செய்தான். எட்டு வயதுப் பையன் ஒருவன், போன வாரம் ஒரு அண்ணன் சொன்ன விதிதான் விதி, அதை மாற்றவே கூடாது என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். பெரிய பிள்ளைகளோ ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு டீச்சர் எனக்கு விளக்கினார். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டு, 1932-இல் அதை நூலாக எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் தந்த, மாற்ற முடியாத ஒன்றாக நினைக்கிறார்கள். பத்து, பதினொரு வயதில்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பது பிடிபடுகிறது. புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு அது தகவலாக நின்றிருக்கும். நடைபாதைக் கல்லின் மேல் நின்று உதடு துடித்த அந்தப் பையனைப் பார்த்ததால், எட்டு வயதையும் பதினொரு வயதையும் எப்படிப் பிரித்து எழுதுவது என்று இப்போது தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு உள்ள ஒரு சிக்கலும் அங்கே வெளிச்சமானது. உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது? எழுத்துத் தமிழில் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ‘நான் பள்ளிக்குச் செல்கிறேன் அம்மா’ என்று டீச்சர் வாசித்ததும் ஒருவன், “நாடகத்துல பேசுறா” என்றான். சரியென்று, முழுவதும் வட்டார வழக்கில் எழுதியிருந்த அத்தியாயத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ‘வந்துக்கிட்டிருந்தாவ’ என்ற சொல்லில் அவள் மூன்று முறை இடறினாள். வீட்டில் அதைத் தினமும் கேட்கிற பிள்ளைதான். காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்குத் தெரியவில்லை, பாடப்புத்தகத்தில் அவள் அதை எழுத்தாகப் பார்த்ததே இல்லை. அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துத் தருகிறார்கள். நிறையப் படித்துப் பழகி ‘பற’ நிலைக்கு வந்த பிள்ளைகூட இந்தச் சொல்லில் நின்றுவிடும் என்றார் டீச்சர். அவர் யோசனை எளிது. பேச்சு வடிவத்தைச் சின்னச் சொற்களில் வையுங்கள், ‘இந்தா’, ‘போடி’, ‘அதெல்லாம் இல்ல’ மாதிரி. நீளமான வினைச்சொற்களைக் கதைசொல்லியிடம் கொடுத்துவிடுங்கள். நான் அப்படியே செய்து பார்த்தேன். பக்கம் குறைந்தது, பிள்ளைகளின் குரல் கூடியது.

உவமைகளைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். ‘அவள் மனம் கடலைப் போல் கொந்தளித்தது’ என்ற வரியில் ஒரு பையன் கையைத் தூக்கினான். “அவ எப்ப திருச்செந்தூர் போனா?” அந்த வரியில் இப்போது வெல்லப் பாகு கொதிக்கிறது.

தாத்தா இறக்கும் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த இடத்தின் தரம் எனக்குத் தெரிந்தது அங்கேதான். பொன்னு இரண்டு பக்கம் அழுகிறாள். வாசித்து முடிந்ததும் டீச்சர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ஒரு பையன் தானாகப் பேசினான். “எங்க தாத்தா செத்தப்ப நான் பந்தல்ல சேரெல்லாம் அடுக்கி வெளாண்டேன். எல்லாரும் திட்டுனாங்க. அப்புறம் பத்து நாள் கழிச்சு அவரு செருப்பப் பாத்து அழுதேன்.” டீச்சர் திரும்பி வந்து, “அப்படித்தான்யா வரும்” என்று மட்டும் சொல்லி அவனுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கிளறவில்லை, புகழவும் இல்லை. பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையைக் கேட்காமல் எடுத்துக் கதையில் வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. நான் அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, “செருப்ப வச்சுக்கோங்க. சேரு என்னோடது” என்றான். அதனால் என் கதையில் சேர் இல்லை. இந்த மதிப்புரையில் இரண்டையும் எழுதலாமா என்று தனியாகக் கேட்டு, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகுதான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அமர்வு முடிந்தபின் கைப்பிரதி நம்மிடம் திரும்பி வருகிறது. ஓரங்களில் டீச்சரின் பென்சில் குறிப்புகள். இவற்றைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கருத்து எதுவும் இருக்காது, பிள்ளைகளின் உடம்பு என்ன செய்தது என்பது மட்டும் இருக்கும். ‘இங்கே பாய் பிய்க்க ஆரம்பித்தார்கள்.’ ‘இங்கே இரண்டு பேர் முன்னால் நகர்ந்தார்கள்.’ ‘ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள்.’ என் தாத்தா பாத்திரம் அறிவுரை சொல்லும் மூன்று பக்கமும் பாய்தான் பிய்ந்திருக்கிறது. அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டேன். பட்டறைச் சாவி எங்கே என்பதைத் தாத்தா சொல்லிக் கொடுக்காமல், பொன்னுவே தப்பாக ஊகித்து, தப்பான இடத்தில் தேடி, பிறகு கண்டுபிடிக்கும்படி மாற்றினேன்.

குறைகளும் உண்டு. எழுத்தில் வர வேண்டிய அறிக்கை பத்து நாளில் என்று சொல்லி நான்கு வாரம் கழித்து வந்தது. டீச்சர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார், தெரிகிறது, ஆனாலும் காசு கட்டியவருக்கு ஒரு தகவலாவது சொல்லலாம். அறையில் ஒரே மின்விசிறி. ஆகஸ்டு அமர்வில் மின்சாரம் போய் அரை மணி நேரம் பிள்ளைகள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அத்தியாயத்துக்குக் கிடைத்த குறிப்புகளை நான் முழுதாக நம்பவில்லை. 40 பக்க வரம்பினால் என் 118 பக்க நாவலுக்கு மூன்று அமர்வு தேவைப்படுகிறது, ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகள் வருவார்கள் என்பதும் இல்லை. இரண்டாம் அமர்வில் நான்கு பேர் புதியவர்கள். முன்கதையைச் சொல்லவே 20 நிமிடம் போனது.

அதைவிடப் பெரிய குறை, வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே படிக்கப் பிடித்த பிள்ளைகள் என்பது. புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை அங்கே இல்லை. பட்டறைக்குப் பக்கத்திலேயே வசித்து, தம்பியைப் பார்த்துக்கொள்வதால் சனிக்கிழமை வர முடியாத பிள்ளையும் இல்லை, என் பொன்னு மாதிரி. டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் அந்தக் கவலை இருக்கிறது. அந்தத் தெருவிலேயே ஒரு திண்ணையில் ஓர் அமர்வு வைக்க முடியுமா என்று யோசிக்கிறார்.

அப்புறம், பிள்ளைகள் சொல்வதையெல்லாம் செய்யவும் முடியாது. என் கதையில் ஒரு பேய் வேண்டும் என்று ஏழு பேர் கேட்டார்கள். பட்டறை முதலாளி கடைசியில் சிறைக்குப் போக வேண்டும் என்றும் கேட்டார்கள். ‘அடுத்து என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள், எங்கே நம்ப மறுக்கிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதை மறந்துவிட்டுப் போனால் இந்தச் சேவை உங்களைக் குழப்பிவிடும்.

யார் போகலாம்? முதல் வடிவத்தை முழுதாக எழுதி முடித்தவர்கள். பாதியில் நிற்கிறவர்கள் போனால் கதையைப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். படக்கதை, பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவு உதவாது, கேட்கிறவர்களின் வயது அதற்குக் கூடுதல். பதின்வயதினருக்கு எழுதுகிறவர்களுக்கும் ஆள் இல்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அறிக்கை தாமதத்துக்காக மட்டும்.

முன்பதிவுக்கு இப்போது மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பரீட்சைக் காலங்களில் அமர்வு கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிப் போக வேண்டாம், டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவார். பென்சில் வாங்கிப் போகலாம், தீர்ந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு மூன்றாம் அமர்வு வருகிற மாதம். கடைசி அத்தியாயத்தை இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் பேருந்தில் தோழி பொன்னுவுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள். மற்றதில் அந்த இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பொன்னு பின்வரிசைக்குப் போய் ஜன்னலைத் திறக்கிறாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.